பாலக்காட்டுக் கணவாயும் பையனின் வெஸ்நாத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. டொராண்டோவில் இந்த மாதிரி நாளில் இரண்டே வேலைதான். வாசல் பனியை அள்ளிக் கொட்டுவது, மீதி நேரம் சோபாவில் சாய்வது. நான் இரண்டாவதில் மும்முரமாக இருந்தபோது உள்ளறையிலிருந்து பையன் கத்தினான்.

"அப்பா! மறுபடியும் போச்சு! எல்லா ஊரையும் பிடிச்சேன்பா. எப்படித் தோத்தேன்னே தெரியலை!"

பையனுக்குப் பதினாலு வயசு. அவன் விளையாடுவது ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்று ஒரு கணினி விளையாட்டு. தெரியாதவர்களுக்காக: 2003-இல் வந்தது, காசு கொடுக்க வேண்டாம் (அதனால்தான் இந்த வீட்டுக்குள் அனுமதி, ஹி ஹி). அறுகோணக் கட்டங்களாகப் பிரித்த ஒரு தேச வரைபடம். மனிதர்கள், காட்டில் வாழும் எல்ஃப்கள், மலைக் குள்ளர்கள், ஓர்க்குகள், எலும்புக்கூட்டுப் படை என்று ஆளுக்கொரு சேனை. நான் ஒரு முறை நகர்த்தினால் அடுத்த முறை எதிரிக்கு. நம்ம சதுரங்கத்தின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரங்கம் என்ற பேரே நாலு அங்கம் கொண்ட படையைத்தானே குறிக்குது.

எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். பயல் பத்து ஊரைப் பிடித்து, ஊருக்கு ஒரு வீரனைக் காவல் வைத்திருக்கிறான். எதிரி மொத்தப் படையையும் ஒன்றாகத் திரட்டிக்கொண்டு வந்து ஒவ்வொருத்தனாகத் தின்றுகொண்டே போயிருக்கிறான்.

"அட, இது கர்னல் வுட் பண்ணின அதே தப்பாச்சே!"

"யாருப்பா அது? உங்க பேங்க் மேனேஜரா?"

அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் படித்தது பி.காம். அதுவும் சித்தூர் அரசுக் கல்லூரியில் (ஆந்திராக்காரங்க சந்தோஷப்பட வேண்டாம், இது பாலக்காடு சித்தூர்). சரித்திரத்தில் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் தமிழும், சந்தைக்குப் போனால் பொள்ளாச்சி. பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கோட்டையைப் பற்றிப் பேச ஒரு சின்ன உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

முதலில் வரைபடம். வெஸ்நாத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் பாதி நிலத்தில்தான் இருக்கிறது. சாதாரண மனிதக் காலாள் புல்வெளியில் நின்றால் எதிரியின் அடி அவன் மேல் விழ நூற்றுக்கு 60 வாய்ப்பு. அதே ஆள் கோட்டைக்குள் நின்றால் 40 ஆகக் குறைந்துவிடும். குதிரைப்படை சமவெளியில் பறக்கும், காட்டுக்குள் திணறும், மலைக்கட்டத்துக்குள் நுழையவே முடியாது.

இப்போது நம்ம ஊர் வரைபடத்தைப் பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீளமான மதில். வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலை, அதைத் தாண்டி இடுக்கி மலைகள். அங்கேதான் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மதில் இடிந்து விழுந்த மாதிரி ஒரு திறப்பு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தரை கடல் மட்டத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டர்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து குதிரையும் பீரங்கி வண்டியும் மலையாள நாட்டுக்குள் சிரமமில்லாமல் இறங்க இதைவிட நல்ல வழி கிடையாது. மைசூரின் பலமே குதிரைப்படை. ஆக, யார் ஆடினாலும் இந்தக் கட்டத்துக்கு வந்துதான் ஆகணும்.

ஆட்டம் ஆரம்பித்தது ஒரு கடனில். (பேங்க்காரன் கதை சொன்னால் அப்படித்தான் ஆரம்பிக்கும்.) 1757-இல் கோழிக்கோட்டு சாமூதிரி பாலக்காட்டு ராஜாவை நெருக்கினார். பாலக்காட்டார் உதவிக்கு ஆள் அனுப்பியது திண்டுக்கல்லுக்கு. அப்போது அங்கே மைசூருக்காக பவுஜ்தாராக இருந்தவர் ஹைதர் அலி. அவர் தன் மைத்துனர் மக்தூம் அலியைப் படையோடு அனுப்பினார். சாமூதிரி பின்வாங்கி, போர்ச்செலவுக்காக 12 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் வரவில்லை. வாராக்கடன்! ஒன்பது வருடம் கழித்து, 1766-இல், அந்தப் பாக்கியையும் ஒரு காரணமாகக் காட்டி ஹைதர் மலபாருக்குள் இறங்கினார். அதே 1766-இல்தான் பாலக்காட்டில் இன்று நாம் பார்க்கிற கருங்கல் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார். ஊரில் எல்லாரும் திப்பு கோட்டை என்போம். கட்டினது அப்பா, பேரைத் தட்டிக்கொண்டு போனது பிள்ளை.

சதுரமான கோட்டை, மூலைகளில் கொத்தளம், சுற்றிலும் அகழி. உள்ளே ஒரு ஆஞ்சநேயர் கோயில் உண்டு. சிறு வயசில் எங்க அப்பாரு கையைப் பிடித்துக்கொண்டு போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சரி, கொசுவத்தியை அப்புறம் சுத்தலாம்.

இப்ப கர்னல் வுட். 1768-இல், முதல் மைசூர்ப் போரில், கம்பெனிப் படையோடு தெற்கே இறங்கினார். திண்டுக்கல், கோயம்புத்தூர், பாலக்காடு என்று வரிசையாகக் கோட்டைகளைப் பிடித்தார். பிடித்த ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு சின்னக் காவல் படையை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். காகிதத்தில் பார்த்தால் அமோக வெற்றி. ஹைதர் மலைமேலிருந்து மொத்தப் படையோடு இறங்கி, பாலக்காடு உட்பட அநேகமாக எல்லாவற்றையும் சில மாதங்களுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டார். 1769-இல் சென்னைப் பட்டணத்து வாசலுக்கே போய் நின்று உடன்படிக்கை போட வைத்தார்.

"நீ பண்ணினதும் இதேதான். பத்து ஊர்ல பத்து ஆள். எதிரி வந்தப்ப உன்கிட்ட படைன்னு ஒண்ணு இல்லவே இல்லை" என்றேன். பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அடுத்த சுற்று 1782. இந்த முறை கம்பெனிப் படை மேற்கிலிருந்து, கடற்கரைப் பக்கமிருந்து வந்தது. தலைவர் கர்னல் ஹம்பர்ஸ்டன். பாலக்காடு வரை வந்து கோட்டையை நோட்டம் பார்த்தார். தன்னிடம் இருக்கிற பலத்துக்கு இது மசியாது என்று தெரிந்ததும் திரும்பிவிட்டார். பின்னாலேயே திப்பு துரத்திக்கொண்டு வந்தார். பாரதப்புழையைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து, எப்படியோ பொன்னானிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அரண் போட்டுக்கொண்டார்கள். திப்பு அடித்துப் பார்த்தார், உடைக்க முடியவில்லை. அதற்குள் டிசம்பர் 7-ஆம் தேதி ஹைதர் இறந்துபோனார். செய்தி வந்ததும் திப்பு ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்கே ஓடவேண்டியதாயிற்று.

எனக்கு ஹம்பர்ஸ்டன் மேல் ஒரு மரியாதை உண்டு. பின்வாங்கியதால்தான் அவருக்குப் படை மிஞ்சியது. எங்க வீட்டுத் தளபதிக்கு இந்தக் குணம் சுத்தமாகக் கிடையாது. உயிர் ரெண்டு புள்ளி மிச்சமிருக்கும்போதும் "அட்டாக்!" என்பான். அடிபட்டவனை ஒரு ஊருக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தால் சுற்றுக்கு எட்டுப் புள்ளி ஏறும். பொறுமை இருந்தால்தானே?

1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் கிழக்கிலிருந்து வந்தார். ஆனைமலை அடிவாரக் காட்டு வழி, நவம்பர் மாச மழை. பீரங்கிகளை இழுக்க மரத்தை வெட்டி வழி போட்டுக்கொண்டு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். பதினோரு நாள். கடைசியில் கோட்டை விழுந்த விதம்தான் சுவாரசியம். ஒரு பெருமழை. மதிலுக்கு வெளியே காவல் நின்றவர்கள் நனையாமல் ஒதுங்கப் போனார்கள். கேப்டன் மெய்ட்லண்ட் என்பவர் அந்த நேரம் பார்த்துப் பாய்ந்து, ஓடியவர்கள் பின்னாலேயே முதல் வாசல், இரண்டாம் வாசல் என்று உள்ளே நுழைந்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் கதிகலங்கிச் சரணடைந்தார்கள். வெஸ்நாத்தில் பகல் வந்தால் சில படைகளுக்குப் பலம் கால் பங்கு கூடும், இரவு வந்தால் கால் பங்கு குறையும். எங்க ஊரில் அந்த வேலையை மழை பார்த்திருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த கோட்டை என்ன ஆச்சு? சமாதானப் பேச்சு ஆரம்பித்தது, 1784-இல் மங்களூர் உடன்படிக்கை. கம்பெனி கோட்டையை விட்டுப் போனது. கோழிக்கோட்டுப் படைகள் உள்ளே வந்தன. பிறகு மறுபடி மைசூர்.

1789 கடைசியில் திப்பு இதே கணவாய் வழியாகத் திருவிதாங்கூர் மேல் போனார். திருவிதாங்கூர்க்காரர்கள் கணவாயைக் காக்க முயலவில்லை. அவர்களுடைய தடுப்பு தெற்கே தள்ளி இருந்தது. நெடுங்கோட்டை என்று பேர். கடலோரத்தில் தொடங்கி ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 30 மைல் நீளத்துக்கு அகழி, மண் மதில், முள்வேலி. போட்டுக் கொடுத்தவர் டி லன்னாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி. பிடிபட்ட இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து தளபதி ஆகி, 1777-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். (வந்த ஊரில் வேரூன்றின நம்ம ஆள்! எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.)

டிசம்பர் 29. திப்புவின் படை மதிலின் ஒரு ஓரத்தில் ஏறி, உள்ளே வந்து, மதிலை ஒட்டியே முன்னேறியது. மறைவிலிருந்த ஒரு சின்னக் கூட்டம் மிகக் கிட்டத்திலிருந்து சுட்டது. முன்னால் போனவர்கள் திரும்பி ஓட, பின்னால் வந்தவர்கள் முட்ட, ஒடுங்கின இடத்தில் மிதிபட்டும் அகழியில் விழுந்தும் செத்தவர்கள் ஏராளம். அன்று எண்ணிக்கை உதவவில்லை. வெஸ்நாத்தில் ஒவ்வொரு படைவீரனுக்கும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்தில் ஒரு பிடி உண்டு. எதிரி அங்கே கால் வைத்தால் அந்தச் சுற்றில் மேலே போகமுடியாது. சரியான இடத்தில் நின்றால் இரண்டு பேர் ஒரு சேனையை நிறுத்தலாம். நெடுங்கோட்டையின் கணக்கும் அதுதான். ஆனால் 1790 ஏப்ரலில் திப்பு பீரங்கிகளோடு திரும்ப வந்து மதிலைப் பிளந்தார். பெரியாறு வரை போனவர், மழையும் கிழக்கே கம்பெனிப் படை கூடுகிற செய்தியும் சேர்ந்து வர, மே மாதம் திரும்பினார்.

கடைசிச் சுற்று. 1790 ஜூலையில் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூருக்கு வந்தார். கர்னல் ஸ்டூவர்ட்டைப் பாலக்காட்டுக்கு அனுப்பினார். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருந்தது. கிழக்கே கோயம்புத்தூரில் வெயில், கணவாய்க்குள் வெள்ளம். எங்க ஊர்க்காரங்களுக்கு இது அதிசயமே இல்லை. வாளையாறு தாண்டும்போதே பஸ் ஜன்னலை இழுத்து மூடுவோமே! ஸ்டூவர்ட் திரும்பிப் போய், முதலில் திண்டுக்கல்லைப் பிடித்து, மழை தணிந்த செப்டம்பரில் மறுபடி வந்தார். பீரங்கி முழங்கியதும் கோட்டை சீக்கிரமே சரணடைந்தது. ஆனால் அந்தச் சமயம் மெடோஸின் படை மூன்று துண்டாகக் கிடந்தது: அவர் கோயம்புத்தூரில், ஸ்டூவர்ட் பாலக்காட்டில், கர்னல் ஃப்ளாய்ட் சத்தியமங்கலத்தில். திப்பு கஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி, தனியாக நின்ற ஃப்ளாய்டைப் போட்டுப் புரட்டினார். இருபத்திரண்டு வருடம் கழித்தும் கர்னல் வுட்டின் பாடத்தைப் படிக்கவில்லை பாருங்க. ஆனாலும் இந்த முறை கம்பெனி பாலக்காட்டை விடவில்லை. அரிசி, மாடு, மருந்து எல்லாம் சேர்த்துவைக்கிற கிட்டங்கியாக வைத்துக்கொண்டது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபாரும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போயின.

பழக்கதோஷம், ஒரு காகிதத்தில் வரவு செலவு மாதிரி எழுதிக் காட்டினேன். 1766 ஹைதர். 1768 கம்பெனி. சில மாதத்தில் மறுபடி ஹைதர். 1783 கம்பெனி. 1784 கோழிக்கோடு. மறுபடி மைசூர். 1790 கம்பெனி. இருபத்தி நாலு வருடத்தில் ஆறு கைமாற்றம். கருங்கல் கோட்டையைப் பிடிக்க பதினோரு நாளோ, அதற்கும் குறைவோதான் ஆனது. கைவிட்டுப் போனபோதெல்லாம் காரணம் ஆள் பற்றாக்குறை, அரிசி, பணம், அல்லது எங்கேயோ தூரத்தில் யாரோ போட்ட கையெழுத்து. வெஸ்நாத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் படைக்குச் சம்பளம் கட்டணும். பிடிக்கிறது ஒரு நாள் வேலை, வைத்துக்கொள்வது தினப்படி வேலை.

பையன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, கேம்ல ஊரைப் பிடிச்சா கொடி கலர் மாறும். உள்ளே இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அங்க?"

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. சமையலறையிலிருந்து தங்கமணி சொன்னாள்: "எங்க ஊருக்கு ஓடி வந்திருப்பாங்க."

தங்கமணிக்கு மறையூர். இடுக்கி ஜில்லா, உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக ஏறணும். சந்தனக் காடும், பாறை மேல் பாறை அடுக்கின ஆயிரக்கணக்கான வருடத்துக் கல்லறைகளும் உள்ள ஊர். அஞ்சுநாடு என்று சொல்லும் அந்த ஐந்து ஊர்த் தமிழர்கள், தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து கலகக் காலத்தில் மலையேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். முதுவர்களும் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்ததால்தான் அந்தப் பேர் என்பார்கள். பூஞ்சாற்று ராஜ குடும்பமும் தங்கள் மூலம் பாண்டியர் என்றுதான் சொல்லும். மறையூர் என்ற பேருக்கே பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர் என்று ஒரு கதை. எல்லாம் வாய்மொழி, தேதி கேட்டால் கிடைக்காது. ஆனால் எல்லாக் கதையும் ஒரே திசையில் ஏறுவதைக் கவனியுங்கள். குதிரை ஏற முடியாத கட்டத்துக்கு மனுஷன் ஏறியிருக்கிறான்.

"ஏங்க, எங்க மூணாறுக்கும் ஒரு ஆங்கிலேயத் தளபதி வந்தாரே?" என்றாள். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1790-இல் ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளைய வெலிங்டன் பிரபு, திப்புவின் பின்வாங்கும் வழியை மறிக்க மூணாறு மலைக்கு வந்தார் என்று சுற்றுலாக் குறிப்புகளில் பார்க்கலாம். வெல்லெஸ்லி கல்கத்தாவில் வந்து இறங்கியதே 1797-இல்தான். திப்பு திரும்பிப் போனதும் கோயம்புத்தூர் வழியாகத்தான். அந்த மலையில் மறிக்க யாரும் இல்லை. தங்கமணிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கென்னவோ, தளபதி வராத ஊர் என்பதுதான் அதற்குப் பெருமை என்று தோன்றியது.

ராத்திரி பையன் படுக்கப் போகும்முன் கேட்டான்: "கொழிஞ்சாம்பாறை வீட்ல இப்ப யாருப்பா இருக்காங்க?"

"யாருமில்லை. பூட்டியிருக்கு."

"அப்ப அது கர்னல் வுட் வீடுதானே? அங்க ஒரு ஆள்கூட இல்லை."

சுருக்கென்றது. ஒன்பது வருடமாக வருஷா வருஷம் வீட்டு வரி, ஓடு மாற்ற, கரையான் மருந்து அடிக்க என்று பணம் அனுப்புகிறேன். போய்த் தங்கியது மொத்தமாக ஐம்பது நாள் இருக்கும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் குடும்பத்தோடு வாடகைக்குக் கேட்டார் என்று பெரியப்பா மகன் இரண்டு தடவை சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அப்பாரு கட்டின வீடு, யாரோ புழங்குவதா என்று ஒரு வீம்பு. கோட்டைக்குச் சொன்ன கணக்கை வீட்டுக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை, அங்கே சாயங்காலம், அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அந்த வாத்தியார் இன்னும் வீடு பார்க்கிறாருங்களா? இருந்தா சாவியைக் குடுத்துருங்க. மேக்கால ரூம் மட்டும் நமக்கு இருக்கட்டும். ஜூலையில வர்றோம்."

"ஜூலையிலயா? மழை கொட்டுமே கண்ணு, அப்ப எதுக்கு வர்றே?"

"பையன் கணவாய்க்குள்ள மழை வர்றதைப் பார்க்கணுமாமுங்க."

அண்ணன் சிரித்தார். "சரி, வீட்ல மறுபடி அடுப்பு எரியட்டும்" என்றார்.

திட்டம் இதுதான். இரண்டு நாள் பாலக்காட்டுக் கோட்டை, அப்புறம் பொள்ளாச்சி, உடுமலை வழியாக மறையூர், மாமியார் வீடு. பையன் இப்போது ஊருக்கு ஒரு ஆள் வைப்பதை விட்டுவிட்டான். நேற்று பார்த்தேன், அடிபட்ட மூன்று வீரர்களை ஒரு கணவாய்க் கட்டத்திலிருந்து பின்னுக்கு இழுத்து ஊருக்குள் உட்கார வைத்துவிட்டு, பொறுமையாக எதிரியின் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தான்.